ஏணியும் அட்டையும் திரையும்

(தா.பழூரில் ஆசிரியர்கள் முன் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்றொரு பகுதி வரும். பக்கத்தில் இருக்கும் கியூஆர் கோடைக் கைபேசியில் காட்டினால் ஒரு படம் திறக்கும். அது முக்கோணமாக இருந்தால் அதன் முனையை விரலால் இழுத்துப் பார்க்கலாம். கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு நகராது. படத்தை இயக்குவது ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்டர் என்ற மாணவர் 2001-இல் தம் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடாகத் தொடங்கிய வேலை அது. அப்போது வடிவியலுக்கு ஒரு மென்பொருள், இயற்கணிதத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருந்தன. படத்தை நகர்த்தினால் சமன்பாடு மாற வேண்டும், சமன்பாட்டை மாற்றினால் படம் நகர வேண்டும் என்று அவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டினார். மறு ஆண்டே அதற்கு ஐரோப்பிய கல்வி மென்பொருள் விருது கிடைத்தது. 2021-இல் பெங்களூரு பைஜூஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2024-இல் அந்த பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது தனிக்கதை.

ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேடு இருபது ஆண்டுக்குள் கொள்ளிடக்கரைப் பள்ளிப் புத்தகம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த வகைப் படிப்புதான். கல்வித் தொழில்நுட்பம், கற்றல் வடிவமைப்பு என்ற பெயர்களில் இன்று உலகெங்கும் அது நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் அந்தப் பெயரிலேயே முதுநிலைப் பட்டம் உண்டு. ஹார்வர்டின் கல்விப் பள்ளி அதை முதுநிலைப் பட்டத்துக்குள் ஒரு தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகம் அதை முழுக்க இணையவழியிலேயே நடத்துகிறது. இந்தியாவில் மும்பை எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. மும்பை ஐஐடி 2010 முதல் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு நடத்திவருகிறது. அரியலூர், பெரம்பலூர்க் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலைக்கழகமான திருச்சி பாரதிதாசனிலும் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது, காஜாமலை வளாகத்தில்.

அங்கே என்ன கற்றுத்தருவார்கள் என்று கேட்டால் பலர் மனத்தில் வருவது ஸ்மார்ட் போர்டு, வீடியோ எடிட்டிங், ஆப். அவையும் உண்டு, இல்லாமல் இல்லை. மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஒரு பாடத்தை ஏற்றத் தெரியாமல் யாரும் இந்தப் பட்டத்தோடு வெளியே வருவதில்லை. ஆனால் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு வேறு. ஒரு குழந்தைக்கு ஒன்று புரியாமல் போவது எந்த இடத்தில்? அந்த இடத்தைக் கடக்க வைக்க என்ன செய்யலாம்? செய்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் உளவியலும் மதிப்பீடும் புள்ளியியலும் அங்கே சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. 1975-இல் ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக வகுத்த ஐந்து கட்ட முறை இன்றும் முதல் பருவப் பாடம்: ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடத்திப் பார்த்தல், மதிப்பிடுதல். சிப்பாய்க்குத் துப்பாக்கி கழற்றி மாட்டச் சொல்லித்தர வந்த முறை பின்னங்களுக்கும் பொருந்துமா என்று சண்டை போடுவது இரண்டாம் பருவம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் சென்னை எழும்பூர் வரை ஒருமுறை போய்வர வேண்டும், அதுவும் 1789-க்கு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அந்த ஆண்டு அங்கே ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர் பற்றாக்குறை. நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்றார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார் பெல். பையன் அதை முடித்துக் காட்டினான். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை அது. 1797-இல் லண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த தலைமுறையில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஏராளமானோர் 'மெட்ராஸ் முறை'யில் படித்தார்கள். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1830-களில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ். மணல், விரல், மூத்த மாணவன். கருவிக்கு ஒரு காசு செலவில்லை. மாறியது யார் யாருக்குச் சொல்லித்தருவது, எப்போது எழுதுவது என்ற ஒழுங்கு. பின்னாளில் அம்முறை மனப்பாட எந்திரமாகிப் போனதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வடிவமைப்பு நல்லதாக இருந்தாலும் பெருக்கும்போது உயிர் போய்விடலாம் என்பதற்கு அது முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி இந்த அரங்கில் இருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு நேரடி அனுபவம். செயல்வழிக் கற்றல், எல்லோரும் சொல்வதுபோல் ஏபிஎல்.

அதன் வேர் ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. அதற்கும் பின்னால் கர்நாடகக் கோலார் மாவட்டத்தில் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் தொடங்கிய நீல்பாக் பள்ளி. எம்.பி.விஜயகுமார் வேலூர் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளின் பள்ளிகளில் இம்முறையைச் சோதித்தார். பதினொரு வயதுப் பையனும் ஆறு வயதுச் சிறுமியும் ஒரே அறையில் 'அ' எழுதத் தொடங்கும் இடத்தில், வகுப்புவாரிப் பாடம் எப்படி உதவும்? பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக வந்ததும் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். ஆசிரியர்கள் ரிஷிவேலி போய்ப் பார்த்து வந்தார்கள், அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அடுத்த ஆண்டுக்குள் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 2007-08-இல் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அதுவே முறையானது.

அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இதுவரை செய்த மிகப் பெரிய கற்றல் வடிவமைப்பு வேலை அதுதான். ஓராண்டுப் பாடம் சின்னச் சின்னத் திறன்களாக உடைக்கப்பட்டது. ஒவ்வொரு திறனுக்கும் அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு என அட்டைகள் வரிசையாக எழுதப்பட்டன. மதிப்பீட்டில் தேறாத குழந்தைக்குக் குறைதீர் அட்டை, தேறியவருக்குக் கூடுதல் வேலை. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படக்குறி இருந்தது. சுவரில் ஏணிப்படி தொங்கியது, அதில் தன் இடம் எது என்று குழந்தைக்கே தெரியும், தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துவரும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பாகத்தில் ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. அம்மை போட்டு இரண்டு வாரம் வராத பிள்ளை, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பு அவனை விட்டுவிட்டுப் போயிருக்காது. முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்திலும் நடவு நேரத்திலும் வருகைப் பதிவேடு மெலிந்துவிடும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான யோசனையைக் கண்டுபிடிப்பது கடினம்.

குறைகளும் தெரிந்தவைதான். அட்டை கிழிந்தது, தொலைந்தது, மறு அச்சு தாமதமானது. அறுபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற இடத்தில் குழுக்கள் கலைந்தன. அட்டையை எழுதிய சென்னை ஆசிரியருக்கு ஏணியில் ஒரு படி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். உத்தரவாக வாங்கிக்கொண்ட ஆசிரியருக்கு அது தெரியாது. மாற்றி வைக்கவும் அதிகாரமில்லை. எழும்பூரில் ஒரு பையனோடு தொடங்கிய முறைக்கு லண்டனில் நேர்ந்ததே இங்கும் ஓரளவு நேர்ந்தது. ஆனாலும் யோசனை சாகவில்லை. கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தபோது அந்த ஏணிதான் வேறு பெயரில் திரும்பி வந்தது. கூடவே மதிப்பீட்டை ஆப்பில் பதிவேற்றும் வேலையும் வந்தது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவேற்றம் பற்றி ஆசிரியர் சங்கங்கள் எத்தனை முறை முறையிட்டிருக்கின்றன என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தரவு குழந்தையின் அடுத்த நாள் பாடத்தை மாற்றுகிறதா, இல்லை சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறதா? படிவத்தை வடிவமைத்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-இல் இத்துறையையே உலுக்கிய ஒரு கட்டுரை எழுதினார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் உணவின் சத்து கூடுவதில்லை, அதுபோல் பாடத்தைக் கொண்டுவரும் ஊடகத்தால் கற்றல் கூடுவதில்லை என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா மறுத்து எழுதினார். சில ஊடகங்களால் மட்டுமே சில வேலைகளைச் செய்ய முடியும் என்றார் அவர். இழுத்தால் மாறும் முக்கோணம் கோஸ்மாவின் கட்சிக்கு நல்ல சாட்சி. ஆனால் பொது அனுபவம் பெரும்பாலும் கிளார்க் பக்கமே நின்றிருக்கிறது. பெரு நாட்டில் 'ஆளுக்கொரு லேப்டாப்' திட்டத்தில் லட்சக்கணக்கில் கருவிகள் போயின. 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதற்கு நேர் எதிராக, தில்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு இயங்கிய மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2019-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்கள் உண்மையில் நின்ற இடத்திலிருந்து கேள்வி கேட்டது. அதாவது, ஏபிஎல் ஏணியை அது கணினிக்குள் வைத்திருந்தது. பாதி நேரம் ஓர் உதவியாளர் சிறு குழுவோடு உட்கார்ந்ததையும் மறக்கக் கூடாது.

கருவி போதும், ஆள் வேண்டாம் என்று சொல்ல வந்தவராகப் பலர் நினைக்கும் சுகதா மித்ராவே ஒரு தமிழ்க் கிராமத்தில் வேறு பாடம் படித்தார். 1999-இல் தில்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தவர் அவர். புதுச்சேரிப் பக்கத்துக் காளிக்குப்பத்தில், தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருக்கும் டிஎன்ஏ பாடத்தைத் தாங்களாகவே படிக்க முடியுமா என்று பார்த்தார். ஓரளவு முடிந்தது, 30 சதவீதம் வரை. அதற்குமேல் ஏற, அறிவியல் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு சிநேகமாகப் பழகிய ஓர் இளம்பெண் தேவைப்பட்டார். பக்கத்தில் நின்று 'அட, எப்படி செஞ்சே?' என்று வியப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது. ரித்து தங்வாலுடன் சேர்ந்து 2010-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தானே கற்கும் முறையின் எல்லைகளைப் பற்றியது என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்கிறது. பேட்டிகளில் அந்த எல்லை அவ்வளவாக வருவதில்லை.

கொரோனாக் காலம் இதையே பெரிய அளவில் காட்டியது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் திரை தயாராக இருந்தது. பள்ளி மூடியிருந்த பதினெட்டு மாதத்துக்கும் மேலான காலத்தில் பாடம் ஒளிபரப்பாகிக்கொண்டே இருந்தது. ஆனாலும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு 2021 டிசம்பரில் கண்டது பெரும் கற்றல் இழப்பு, கணக்கில் மொழியைவிட இரு மடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு, மாலை நேரத்தில், இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார வைத்த தன்னார்வலர்கள் செய்த வேலை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அப்படியானால் தா.பழூர் வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் எதற்கு இந்தப் பட்டம் படிக்க வேண்டும்? வேலைக்காக என்றால் பதில் இரண்டாகப் பிரிகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிக்கும் துறை இருக்கிறது. ஸ்டோரிபோர்டு எழுதத் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வெறுமனே ஸ்லைடு அடுக்குபவருக்குத்தான் நெருக்கடி. அரசுப் பள்ளியில் இருப்பவருக்கோ நிலவரம் வேறு. உயர்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. கல்வியியல் கல்லூரியில் கற்பிக்கப் போக எண்ணுபவருக்கு எம்.எட்.தான் பயன்படும். கற்றல் வடிவமைப்புக்கென்று பள்ளிக் கல்வித் துறையில் தனிப் பணிப்பிரிவு எதுவும் வளரவில்லை. பாடநூலையும் அட்டையையும் தொலைக்காட்சிப் பாடத்தையும் எழுதியவர்கள் மாற்றுப்பணியில் போன ஆசிரியர்கள், எழுதி முடித்ததும் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்கள். மாநிலம் முழுவதும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்த அரசு, அந்த லேபில் என்ன நடக்க வேண்டும் என்று முழுநேரமும் யோசிக்க வட்டாரத்துக்கு ஓர் ஆளை வைத்திருக்கலாம். வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் அதற்கு மிக அருகில் இருக்கிறார். ஆனால் அவர் நேரம் பள்ளிப் பார்வைக்கும் புள்ளிவிவரத்துக்கும் போய்விடுகிறது.

ஊதியத்தை விட்டுவிட்டால் மிஞ்சும் காரணம் வலுவானது. வகுப்பறையிலிருந்து ஒரு சிக்கலைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தப் படிப்பு அதற்கான கருவிப்பெட்டியைத் தருகிறது. அரியலூர் மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். இந்த மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல், ஆறரைக் கோடி ஆண்டுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்ததன் எச்சம். சிமென்ட் ஆலைக்குப் போகும் டிப்பர் லாரியில் அம்மோனைட் கிடக்கலாம். வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. புதைபடிவம் பற்றிய பாடத்தை ஸ்மார்ட் போர்டில் வண்ணப் படமாகக் காட்டுவது எளிது. வடிவமைப்புப் படித்தவர் முதலில் பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பார். சுருள் கல்லைப் பார்த்த கொள்ளிடக்கரைப் பிள்ளை அதைப் போன வெள்ளத்தில் ஒதுங்கிய நத்தை என்று சொல்லக்கூடும். அவன் ஆற்றைப் பார்த்திருக்கிறான், கடலைப் பார்த்ததில்லை. ஆகவே பாடத்தின் முதல் முடிச்சு காலம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கங்கைகொண்ட சோழபுரம் அவனுக்குத் தெரியும். அதைக் காலக்கோட்டில் ஒரு சென்டிமீட்டராக வைத்தால் கடல் இருந்த காலம் 650 மீட்டருக்கு அப்பால் போய் நிற்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளியின் கேட்டைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டியிருக்கும். கல்லைத் தொட்டுப் பார்க்க வாரணவாசி, காலத்தை உணரக் கயிறு. நிலம் எழும்பிக் கடல் விலகுவதை மட்டும் திரையில் ஓட விடலாம், ஏனென்றால் அதை வேறு எப்படியும் காட்ட முடியாது. மூன்று வாரம் கழித்து, பாடத்தில் வராத வேறொரு படிவத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்க வேண்டும். விடை மாறியிருந்தால் பாடம் பலித்தது. பக்கத்துப் பள்ளியில் வழக்கமான முறையில் நடத்திய வகுப்போடு ஒப்பிட்டால் அதுவே ஓர் ஆய்வேடு.

தொலைவும் ஒரு தகுதியாகலாம். உலகின் மிகப் பரவலான கற்றல் தளங்களில் ஒன்றான மூடுலை 2002-இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். தொடக்கக் கல்வியை வானொலி வழியே படித்தவர். தமிழில் வா.செ.குழந்தைசாமி இருக்கிறார். நீரியல் பொறியாளர், கவிஞர், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாகும்போது அதன் முன்னணியில் நின்றார். உலகெங்கும் சிதறியிருக்கும் தமிழ்க் குழந்தைக்கு வாத்தியார் இல்லாத ஊரில் எப்படித் தமிழ் சொல்லித்தருவது என்ற சிக்கல் அந்த நிறுவனத்தின் தொடக்கம்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அரசுப் பள்ளியில் பணியிலிருப்பவர் படிப்பில் சேரும் முன்பே துறையின் அனுமதியைப் பெற வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. தொலைநிலை, இணையவழிப் படிப்பென்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பாடத்திட்டத்தை வாங்கிப் படித்து, மென்பொருள் தாள்கள் எத்தனை, கற்றல் உளவியலும் மதிப்பீடும் எத்தனை என்று எண்ணுவது நல்லது. மென்பொருள் மூன்று ஆண்டில் பழசாகும். களப்பணியைத் தம் சொந்தப் பள்ளியில் செய்ய விடுவார்களா, ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா என்றும் துறைத் தலைவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம். திருச்சிக்கு ஒருநாள் விடுப்பு போதும்.